ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி – வார்டு சிஸ்டர் பதில்

மும்பையில் அறுவைச் சிகிச்சை வார்டுகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். எந்த மருந்தையும் நிறுத்துவதோ மாற்றுவதோ உங்கள் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

*

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முந்தைய இரவு 12 மணி முதல் எதுவும் தரக் கூடாது என்றார்கள். சர்க்கரை நோயாளி ஆயிற்றே என்று பெரியம்மா காலை 6 மணிக்கு அரை டம்ளர் காபி கொடுத்துவிட்டார். தியேட்டர் வாசலில் கேட்டபோது அம்மா உண்மையைச் சொல்லிவிட, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அரை டம்ளர் காபிக்கு இவ்வளவு கெடுபிடியா?
– வாசகி, மாட்டுங்கா

உண்மையைச் சொன்னதற்காக உங்கள் அம்மாவைப் பாராட்டுங்கள். அந்தக் கெடுபிடி தேவையானதுதான். மயக்க மருந்து ஏறியதும், விழுங்கியது தவறிப் போனால் இருமித் தள்ளும் இயல்பு தொண்டையை விட்டுப் போய்விடுகிறது. அப்போது இரைப்பையில் பாலோ உணவோ இருந்தால், அது அமிலத்தோடு சேர்ந்து மேலேறி, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர், பிரசவ நேரத்தில் மயக்க மருந்து பெற்ற பெண்களில் 66 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததைப் பதிவு செய்தார். வெறும் வயிறு என்ற விதி இவ்வளவு கண்டிப்பானதற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். "முதுகில் ஊசி போட்டுத்தானே செய்கிறார்கள், அதற்கும் பட்டினியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊசி சரியாக வேலை செய்யாவிட்டாலோ, ஆபரேஷன் நீண்டுவிட்டாலோ முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும் என்பதால் விதி அதற்கும் ஒன்றே.

ஆனால் உங்கள் பெரியம்மாவின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது என்பது பழைய வழக்கம். இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல்களின்படி, வேறு சிக்கல் இல்லாதவர்கள் மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீரோ பால் சேராத கடுங்காபியோ அருந்தலாம். இட்லி போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேர இடைவெளியும், எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் 8 மணி நேரமும் வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். பால் திரவமாக இருந்தாலும் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாவதால், நம் வீட்டுக் காபி உணவுக் கணக்கில்தான் சேரும். இவ்வளவு தெளிவாக இருந்தும், பிற்பகல் ஒரு மணிக்குத் தியேட்டருக்குப் போக வேண்டியவரை நள்ளிரவிலிருந்தே காயப்போடும் வார்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் குறை மருத்துவமனைகளின் மேல்தான். எனவே "எதுவரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று முந்தைய மாலையே மயக்க மருத்துவரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளைப் பட்டியலில் முதலாவதாக எடுப்பது நல்ல வழக்கம். அதையும் கேட்டுப் பெறலாம். சர்க்கரை குறைந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால், நீங்களாக வாயில் சர்க்கரையைப் போட்டு மறைக்க வேண்டாம்; உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்ற முடியும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தச் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே உடலில் அமிலம் சேரும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் முன்பு என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீருடன் விழுங்கச் சொல்வார்கள், சிலவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஊரிலிருந்து வரவழைத்த சூரணம், லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

*

தியேட்டருக்குள் போகும் முன் தாலியைக் கழற்றச் சொன்னது என் மாமியாரை மிகவும் வருத்திவிட்டது. மூக்குத்தி, மெட்டி, மருதாணிகூடப் பிரச்சினை என்றார்கள். உண்மையாகவே அவசியமா?
– வாசகி, டோம்பிவிலி

அவசியம் உண்டு. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்தும்போது, உடலில் உள்ள உலோகத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து தோல் சுட்டுவிடக்கூடும். ஆபரேஷனுக்குப் பின் கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கும். மூக்குத்தித் திருகாணி கழன்றால் மூச்சுவழிக்குள் போகும். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் கணக்கைக் குழப்பலாம்; நகம் நீலம் பாரிக்கிறதா என்று எங்கள் கண்ணால் பார்ப்பதற்கும் தடை. கட்டுப்பல்லையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தாலிக் கொடியை எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றை மட்டும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அனுமதி கேட்கலாம். கழுத்து, மார்பு ஆபரேஷனாக இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நகையை வார்டில் ஒப்படைக்காமல் கணவரிடமோ மகளிடமோ கொடுத்துவிடுங்கள்.

இதனோடு ஒன்று. ஆபரேஷன் செய்யும் இடத்தில் உள்ள முடியை வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வருவதை விட்டுவிடுங்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச் செல்கிறது. அங்கே கிருமி குடியேறுகிறது. தேவையென்றால் நாங்களே டிரிம்மரால் வெட்டிவிடுவோம். தேவையில்லாவிட்டால் முடி இருந்துவிட்டுப் போகட்டும். முந்தைய இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

*

ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷனுக்குப் போனபோது என் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். பைலைப் படிக்காமலா ஆபரேஷன் செய்கிறார்கள்?
– வாசகர், காட்கோபர்

கேட்காத மருத்துவமனையைக் கண்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, நோயாளி யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்பவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவில் பஞ்சும் ஊசியும் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று எண்ண வேண்டும். டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் இதைச் சோதித்தபோது, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், மரணம் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்ததாக 2009இல் முடிவு வெளியானது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே எல்லாப் படிவத்திலும் அதைக் கேட்கிறார்கள். அதனால் ஆதாரில் 'செல்வம் முருகன்' என்றும், கேஸ் பேப்பரில் 'முருகன் செல்வம்' என்றும், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எம். செல்வம்' என்றும் ஒருவரே மூன்று பேராகிவிடுவார். ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருப்பதும் சாதாரணம். ரத்தம் ஏற்றும் வேளையில் இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும். அட்மிஷன் அன்றே எல்லாச் சீட்டிலும் பெயரும் பதிவு எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். "நீங்கள்தானே செல்வம்?" என்று கேட்டால் வெறுமனே தலையாட்டாமல், முழுப் பெயரை நீங்களே சொல்லுங்கள். தோலில் மருத்துவர் போட்ட பேனா அடையாளத்தைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

*

பித்தப்பையைத் துளை போட்டு எடுத்தார்கள். வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலிக்கிறது. மாரடைப்போ என்று வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள்.
– வாசகி, செம்பூர்

உள்ளே பார்த்து வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்கிறார்கள். முடிவில் அதை வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கி, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தும். அந்த இடத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு என்பதால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடந்தால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். பித்தப்பையைத் துளை வழி எடுக்கும் இந்த முறையை இந்தியாவில் முதன்முதலாக 1990இல் நம் ஜே.ஜே. மருத்துவமனையில்தான் டாக்டர் தெஹெம்தன் உத்வாடியா செய்து காட்டினார்.

ஆனாலும் நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் வாயு என்று இருந்துவிடக் கூடாது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் நிறம் ஆகியவை பித்தநீர்க் கசிவுக்கோ அடைப்புக்கோ அறிகுறியாக இருக்கலாம். அன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

*

என் அப்பாவுக்கு 74 வயது. குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் இரவு, "ரயில் வந்துவிட்டது, என் செருப்பை எடு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மூக்குக் குழாயையும் பிடுங்கினார். பகலில் தெளிவாக இருக்கிறார். மூன்று பந்து உள்ள கருவியை ஊதச் சொன்னால் கோபப்படுகிறார். அவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. புத்தி பேதலித்துவிட்டதா?
– வாசகர், முலுண்ட்

பேதலிக்கவில்லை. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில் வரும் தற்காலிக மனக்குழப்பம் இது. மாலை சாய்ந்ததும் கூடுவதும் பகலில் தெளிவதும் இதன் இயல்பு. ஆனால் இது தானாக வருவதில்லை. அடங்காத வலி, ஆக்சிஜன் குறைவு, தொற்று, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, தூக்கமின்மை, சில மருந்துகள் என்று பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். தினமும் குடிப்பவருக்குக் குடி திடீரென நின்றதும் இதே போல் வரும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கான சிகிச்சையே வேறு. "நேற்று வரை இவர் இப்படி இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை இரவுப் பணி சிஸ்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எங்களுக்கு அவர் இன்றைய நோயாளி; அவருடைய நேற்றையும் அறிந்தவர் நீங்கள்தான்.

அவருடைய கண்ணாடியையும் காது கருவியையும் கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள், இரவில் விளக்கைக் குறைக்கக் கேளுங்கள். ரயில் வரவில்லை என்று வாதாடாமல், "நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கையைக் கட்டிலோடு கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும் என்பது நான் மறுபடி மறுபடி பார்த்தது. இரவில் தமிழ் பேசும் ஒருவர் உடன் இருக்க பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழி இங்கே சின்ன விஷயம் அல்ல. சிஸ்டர் வந்து கையைத் தொட்டு எப்படி இருக்கிறது என்று ஜாடையில் கேட்டால் நம் பெரியவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டி 'பரவாயில்லை' என்பார்கள். வலி மருந்து அதோடு நின்றுபோகும். வலி இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று விரலால் காட்டப் பழக்குங்கள். படுத்திருக்கும்போது கேட்பதைவிட இருமும்போது எத்தனை என்று கேட்பதே சரியான அளவு. வலி, மூச்சு முட்டுகிறது, சிறுநீர் வருகிறது, குமட்டுகிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் தமிழிலும் பக்கத்தில் இந்தியிலும் எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள். மும்பை வார்டுகளில் மலையாளி சிஸ்டர்கள் நிறையப் பேர். அவர்களிடம் தமிழிலேயே மெதுவாகப் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். மாவ்ஷி எனப்படும் வார்டு ஆயாக்களிலும் தாராவிப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் இருக்கக்கூடும், விசாரியுங்கள்.

அந்த மூன்று பந்துக் கருவிக்கு வருகிறேன். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். ஊதினால் பந்து அசையாமல் கிடக்கும், நோயாளிக்கு எரிச்சல் வரும். உங்கள் அப்பாவின் கோபத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சாய்ந்து உட்கார வைத்து, மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பது போல மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பந்து மேலே ஏறியதும் மூச்சை மூன்று வினாடி நிறுத்தி, பிறகு வெளியே விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 முறை. வயிற்றுத் தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும். நிமோனியாவுக்கு அதுவே வாசல். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம் குறையும்.

நடக்க வைப்பதும் சிகிச்சைதான். முதலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்துத் தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகே எழுப்புங்கள். முதல் முறை சிஸ்டர் உடன் இருக்கட்டும். சிறுநீர்ப் பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு நோயாளியை எழுப்புவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பையில் உள்ள சிறுநீர் திரும்ப உள்ளே போனால் தொற்றுதான். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படவும் வேண்டாம்.

*

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பத்து நாள். இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. அத்தை தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறார்.
– வாசகர், வாஷி

தேய்ப்பதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். மூட்டு மாற்றிய காலில் ஓரளவு வீக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கண்ணால் பார்த்து அதை யாராலும் தீர்மானிக்க முடியாது. இன்றே மருத்துவரிடம் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். உறைந்த ரத்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வரும். அப்போது 108ஐ அழைக்க வேண்டும். உறைவைத் தடுக்கத் தந்த ஊசியையோ மாத்திரையையோ, காயம் ஆறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*

முதுகில் போட்ட மயக்க ஊசியால் ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்கிறார்களே?
– வாசகி, அந்தேரி

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். ஆயுள் முழுக்க வரும் முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இந்த ஊசி போட்டுப் பிள்ளை பெற்றவர்களுக்கு, பிரசவமும், பிள்ளையைத் தூக்குவதும், குனிந்து பாலூட்டுவதும் தரும் வலிக்கான பழி ஊசிமேல் விழுந்துவிடுகிறது. சிலருக்கு உண்மையாக வருவது தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். 1898இல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மானியரான ஆகஸ்ட் பியர், தன் மீதே சோதித்துப் பார்த்து அந்தத் தலைவலியில் நாள்கணக்கில் படுத்திருந்தார். அப்படி வந்தால் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

*

பருப்பு, முட்டை, தயிர் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பதினைந்து நாளாக ரசம் சோறு மட்டும் தருகிறார்கள். குளிக்கவும் விடவில்லை. தையல்மேல் மஞ்சள் பூசச் சொல்கிறார்கள். மழையில் எங்கள் அறை ஒழுகுகிறது, பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தாராவி

சீழ் கிருமியால் வருகிறது, பருப்பால் அல்ல. காயம் மூடப் புரதம் வேண்டும். ஆபரேஷன் ஆனவருக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் வேண்டும் என்று கணக்கிடுகிறோம். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ரசம் சோற்றில் அதில் கால்வாசி தேறுவதே கடினம். குடல் ஆபரேஷன் ஆனவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன வரிசையில் தண்ணீர், கஞ்சி, குழைந்த சோறு என்று ஏறி வரட்டும். மற்றவர்கள் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் தாராளமாகச் சாப்பிடலாம். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் தையலுக்குக் கேடு என்பதால் தண்ணீரும் பப்பாளியும் கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைத்த காயத்தின் மேல்தோல் முதல் இரண்டு நாளிலேயே மூடிக்கொள்கிறது. அதன் பிறகு, மருத்துவர் தடுக்காவிட்டால், சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் தையல்மேல் வேண்டாம். கடை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல, அது அப்பிக்கொண்டால் காயம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. கூரை ஒழுகி டிரெஸ்ஸிங் நனைந்தால், காயட்டும் என்று விடாமல் அன்றே மாற்றிவிட வேண்டும். ஈரக்கட்டு கிருமிக்கு வசதி. கையைச் சோப்பால் கழுவாமல் கட்டைத் தொடாதீர்கள்.

பயப்பட வேண்டியது எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாளில் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் உடலின் எதிர்வினை. ஐந்தாம் நாளுக்கு மேல் வரும் காய்ச்சலோடு, காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, வலி கூடுவது, நாற்றமுள்ள நீர் வடிவது ஆகியவை தொற்றைக் காட்டும். காயத் தொற்று 30 நாள் வரையிலும், உள்ளே வலையோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள் வரையிலும் வரலாம். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கி நாளைக் கடத்தாதீர்கள். பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரத்தையொட்டித் திடீரென இளஞ்சிவப்பு நீர் கட்டை நனைத்தால், உள்தையல் பிரிகிறது என்று எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்புங்கள். குடல் வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியை உப்பு நீரில், கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய நீரில், நனைத்து மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வாய்வழி எதுவும் தராமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

*

ஹெர்னியாவுக்கு வலை வைத்துத் தைத்தார்கள். எங்கள் சந்தில் காலையில்தான் குழாயில் தண்ணீர் வரும். எப்போது குடம் தூக்கலாம்?
– வாசகி, கோலிவாடா

நிறைகுடம் என்பது 12 முதல் 15 கிலோ. பொதுவாக ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்போம். துளை வழி செய்திருந்தால் உங்கள் மருத்துவர் இன்னும் முன்னதாகவே அனுமதிக்கலாம். அதுவரை பிள்ளைகளோ பக்கத்து வீட்டாரோ பிடித்து வைக்கட்டும், நீங்கள் சொம்பால் மொண்டு பயன்படுத்துங்கள். கூட்டம் நெரியும் நேரத்து லோக்கல் ரயிலையும் அந்த ஆறு வாரம் தவிர்த்துவிடுங்கள். இருமல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து வாங்குங்கள். ஓயாத இருமலும் தையலைக் குடத்தைப் போலவே இழுக்கும்.